ஒற்றியூர் வழக்கு: சேக்கிழார் கண்ட முறையும் அருளும்

திருக்குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர் தம் உரைப்பாயிரத்தில் அறத்தை ஒழுக்கம், வழக்கு, தண்டம் என மூவகையாகப் பகுத்தனர். தத்தம் நிலைக்கு விதிக்கப்பட்ட நெறியில் வழுவாது ஒழுகுதல் ஒழுக்கம். ஒரு பொருளை இருவர் தமது தமது என்று கூறி மாறுபடுதல் வழக்கு. நெறி கடந்தாரை ஆராய்ந்து தகுதிக்கேற்ப ஒறுத்தல் தண்டம். இவற்றுள் பின்னைய இரண்டும் உலகநெறியை நிலைநிறுத்தும் பயனுடையனவே அன்றி, ஒழுக்கம் போல உயிர்க்கு உறுதி பயக்கும் சிறப்புடையன அல்ல என்றும், அதனாலேயே வள்ளுவர் ஒழுக்கத்தையே அறமாகக் கொண்டனர் என்றும் அவர் கருதினர். சட்டத்தின் எல்லை யாது என்னும் வினாவிற்குத் தமிழில் தெளிவாகக் கூறப்பட்ட விடைகளுள் இது தலையாயது.

எனினும், உயிர்க்கு உறுதி பயக்கும் அருளுக்கும், உலகநெறி நிறுத்தும் சட்டத்திற்கும் உள்ள தொடர்பு யாது என்பது இதனால் முற்றும் விளங்கவில்லை. பத்தி நூல்களில் அன்பே பெரிது. ஆகலின் ஆண்டுச் சட்டத்திற்கு இடமில்லை என்பர் ஒரு சாரார். மகனைத் தேர்க்காலில் இட்ட சோழன் வரலாற்றைக் காட்டி, பழந்தமிழர் முறை இரக்கமற்ற விதிப்பற்றே என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கொள்கைகளும் நிறைவுடையன அல்ல என்பதைப் பெரியபுராணத்தைக் கொண்டு நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம். அதற்குத் தக்க களமாக அமைவது திருவொற்றியூர்.

1. ஊரும் பெயரும்

வடசென்னையில் இராயபுரம், தண்டையார்ப்பேட்டை வழியாகத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கிச் செல்வார், காலடிப்பேட்டையை அடையுமுன் டோல்கேட் என்னும் இடத்தைக் கடப்பர். வண்டிகளுக்குச் சுங்கம் வாங்கிய ஆங்கிலேயர் காலத்து வாயிலின் பெயர் அது. வாயில் மறைந்தது, பெயர் நிலைத்தது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் இவ்வழியே நீட்டிக்கப்பட்ட மெட்ரோ இருப்புப்பாதையின் நிலையமும் அப்பெயரையே பெற்றது. அடுத்துள்ள காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னையில் ஆளுநராயிருந்த சோசப்பு காலட் என்பார் நெசவாளர்க்காக அமைத்த குடியிருப்பு. திருவொற்றியூர் 1708ஆம் ஆண்டில் நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகிய ஊர்களோடு ஆங்கிலக் கும்பினியார்க்கு அளிக்கப்பட்டது.

சுங்கம் இந்நிலத்திற்குப் புதிதன்று. வள்ளுவர் வேந்தனுக்கு உரிய பொருள்களுள் ஒன்றாக உல்குபொருளைக் கூறினர். கலத்திலும் வண்டியிலும் வரும் பண்டங்களுக்கு இறுக்கும் சுங்கமே அஃது என்று உரையாசிரியர் விளக்கினர். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் பண்டங்களுக்குப் புலிப்பொறி இட்டுச் சுங்கம் கொண்டதைப் பட்டினப்பாலை காட்டும். 1070 முதல் 1122 வரை ஆண்ட முதற் குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்த சோழன் எனப் புகழப்பட்டான். வரி வாங்கும் உரிமை மட்டுமன்றி, வரியைத் தவிர்க்கும் உரிமையும் வேந்தனது ஆணையிலேயே அடங்கியிருந்தது என்பதற்கு இப்பட்டமே சான்றாகும்.

இனி, ஒற்றி என்னும் சொல்லும் சட்டத்தோடு தொடர்புடையது. நிலத்தையோ பொருளையோ கடனுக்கு ஈடாக ஒப்புவித்து, பின்னர்க் கடன் தீர்த்து மீட்டுக் கொள்ளும் முறை ஒற்றி எனப்படும். விலை மீளாதது, ஒற்றி மீட்கத்தக்கது. ஊர்ப்பெயரின் பிறப்பு எதுவாயினும், அப்பெயரைக் கேட்ட அளவில் இச்சட்டப்பொருள் தமிழர் செவியில் ஒலித்திருத்தல் வேண்டும். இது பின்னர்ப் பயன்படும்.

2. ஏட்டு வரியில் எழுந்த விலக்கு

திருவொற்றியூர் இறைவர்க்கு எழுத்தறியும் பெருமான் என்பது ஒரு பெயர். இராமலிங்க அடிகள் இப்பெயராலேயே ஒரு மாலை பாடியுள்ளனர். இதன் காரணத்தைச் சேக்கிழார் ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்தில் சுருக்கமாகச் சுட்டிச் செல்கின்றனர். வேந்தன் ஊர்கள் அனைத்திற்கும் விடுத்த ஆணையோலையில், ஒற்றியூர் இதனின் நீங்கியது என்னும் விலக்கு, எழுதியவனும் அறியாது வரிக்கிடையில் காணப்பட்டது. அதனை எழுதியவர் இறைவரே என்பது வரலாறு. ஈண்டு வரி என்னும் சொல் ஏட்டின் எழுத்து வரிசையையும் இறுக்கும் இறையையும் ஒருங்கே குறிக்கும் நயம் நோக்கத்தக்கது.

இவ்வரலாற்றை அற்புதம் என்ற அளவில் விட்டுவிடாது, சட்டக் கண் கொண்டு நோக்குதல் வேண்டும். எல்லாம் வல்ல இறைவர் வேந்தன் கனவில் தோன்றி விலக்களிக்குமாறு பணித்திருக்கலாம். அவ்வாறு செய்திலர், ஓலையிலேயே எழுதினர். சோழர் ஆட்சி முறையில் இதற்கு விளக்கம் உண்டு. அரசன் வாய்மொழியாக இட்ட ஆணையைத் திருமந்திர ஓலை எழுதுவான் எழுத, ஓலைநாயகம் ஒப்பிட, புரவுவரித் திணைக்களத்தார் வரிப்பொத்தகத்திற் பதிவு செய்த பின்னரே அது நடைமுறைக்கு வந்தது. எழுத்தில் ஏறாத சொல் ஆணையாகாது. ஆகவே, ஒற்றியூர் பெற்ற விலக்கும் அருள் என்ற காரணத்தால் எழுத்தைப் புறக்கணிக்கவில்லை. எழுத்தின் வழியாகவே செல்லுபடியாயிற்று. அநபாயன் எனப்பட்ட இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) காலத்தில் அமைச்சராயிருந்தவர் என்று கூறப்படும் சேக்கிழார்க்கு இம்முறை கைவந்ததாகும்.

3. வெண்ணெய்நல்லூர் அவை

ஒற்றியூர் நிகழ்ச்சியை உணர்வதற்கு முன், சுந்தரர் வாழ்வின் முதல் வழக்கை நினைவு கூர்தல் வேண்டும். புத்தூரில் நிகழவிருந்த திருமணத்தை இடைமறித்து வந்த முதிய அந்தணர், மணமகன் தமக்கு அடிமை என்று கூறி ஓலை காட்டினர். சுந்தரர் அதனைப் பறித்துக் கிழித்தனர். வழக்கு வெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றது. அந்தணர் பிறர்க்கு அடிமையாதல் வழக்கத்தில் இல்லை என்பது எதிர்வாதம். அவையத்தாரோ ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூவகைச் சான்றுகளுள் ஒன்று வேண்டினர். கிழிக்கப்பட்டது படியோலையே எனக் கூறி முதியவர் மூல ஓலையை வெளிப்படுத்தினர். பாட்டனார் எழுத்தா என்பதைக் காப்பில் இருந்த அவருடைய வேறொரு கையெழுத்தோடு ஒப்பிட்டுக் கண்ட பின்னரே, அவை தீர்ப்பளித்தது.

மூலத்திற்கும் படிக்கும் உள்ள வேறுபாடு, கையெழுத்து ஒப்பீடு, வழக்காற்றிற்கும் ஆவணத்திற்கும் முரண் நேர்ந்தவிடத்து ஆவணத்தின் வலிமை ஆகிய மூன்று நுட்பங்கள் இங்கு உள்ளன. வந்தவர் இறைவர் என்பதை அவை அறியாது. அறிந்திருந்தால் தீர்ப்பு வேண்டியதில்லை. வழக்குத் தீர்ந்த பின்னரே இறைவர் தம்மைக் காட்டினர். முறை முன்னும் அருள் பின்னும் நின்ற இவ்வரிசை கருதத்தக்கது.

4. மகிழடிச் சூளுறவு

ஞாயிறு என்னும் ஊரில் வேளாண்குடியிற் பிறந்த சங்கிலியார், ஒற்றியூரில் கன்னிமாடத்திலிருந்து இறைவர்க்கு மாலை தொடுக்கும் தொண்டு பூண்டிருந்தார். அவரைக் கண்ட சுந்தரர் மணம் வேண்டி இறைவரிடம் முறையிட்டனர். இறைவர் சங்கிலியார் கனவில் தோன்றி அதனைக் கூறிய போது, அவர் உடன்பட்டாராயினும், வருபவர் ஆரூரில் மகிழ்ந்து வாழ்பவர் என்பதைத் திருவுளங்கொள்ள வேண்டும் என்று விண்ணப்பித்தார். மணமகன் முன்னரே பரவையாரை மணந்தவர். ஒருநாள் தம்மைக் கைவிட்டுச் செல்லக்கூடும் என்பதே அதன் கருத்து. இறைவர் அக்கவலையை ஒதுக்காது, பிரியேன் எனச் சூளுறவு செய்து தருவான் என்று உறுதி கூறினர்.

சுந்தரர் அதற்கு உடன்பட்ட விதமே இவ்வாராய்ச்சிக்கு உயிர்நாடி. பிற பதிகளையும் சென்று வழிபடும் இயல்புடைய தாம் ஓரூரில் தங்குதல் அரிது என்பதை அவர் அறிவர். ஆகவே, தாம் சங்கிலியாரோடு திருமுன் வரும்பொழுது இறைவர் கருவறையை விட்டு மகிழ மரத்தடியில் எழுந்தருளி இருத்தல் வேண்டும் என வேண்டினர். சொல் சொல்லப்படும், சான்றாகும் தெய்வம் அவ்விடத்து இராது, ஆகவே சூள் பிணிக்காது. சட்டத்தின் வடிவத்தை நிறைவேற்றி அதன் பொருளை ஒழிக்கும் உபாயம் இது.

இறைவர் அதற்கு இசைந்தனர். இசைந்தவாறே மகிழடியிலும் இருந்தனர். ஆனால் முன்னிரவில் சங்கிலியார் கனவில் தோன்றி, திருமுன் சூளுறவு கொள்ளாது மகிழடியிற் கொள்க எனப் பணித்தனர். மறுநாள் தோழியர், இதன் பொருட்டுத் திருமுன் சூளுரைத்தல் தகாது, மகிழின் கீழ் உரைத்தல் அமையும் என்றனர். சுந்தரர் திகைத்தனர், ஆயினும் மறுத்தற்கு வாயில் இல்லை. மகிழை வலம் வந்து சூளுரைத்தனர்.

இது சூழ்ச்சி அன்றோ என வினவுவார்க்கு விடை இஃது. இறைவர் சுந்தரர்க்குக் கொடுத்த சொல்லில் ஓரெழுத்தும் தவறவில்லை. மகிழடியில் இருக்க வேண்டினர், இருந்தார். வேறெங்கும் கூறலாகாது என்பதைச் சுந்தரர் கேட்கவுமில்லை, இறைவர் இசையவுமில்லை. வடிவத்தை மட்டும் பற்றியவர் அவ்வடிவத்தினாலேயே பிணிப்புண்டார். இதனால் காக்கப்பட்டவர் யார் எனின், வேறு காப்பில்லாத சங்கிலியாரே. எழுத்துமாறா முறை எப்பொழுதும் எளியவரை நலிவது என்னும் எண்ணம் இங்கு மாறுபடுகின்றது. வல்லவன் தன் விருப்பம் போல் பொருள் மாற்றிக்கொள்ளா வண்ணம் எளியவர்க்கு அரணாவதும் அவ்வெழுத்தேயாம்.

திருவொற்றியூர்க் கல்வெட்டொன்று இவ்வரலாறு அங்குப் பெற்ற மதிப்பைக் காட்டும். இரண்டாம் இராசாதிராசனின் 9ஆம் ஆட்சியாண்டில், பங்குனித் திருநாளில், மகிழின் கீழ் எழுந்தருளிய இறைவர் முன்னிலையில் ஆளுடைய நம்பி சிரீபுராணம் படிக்கப்பட்டதையும், அரசனும் சதுரானன பண்டிதர் முதலியோரும் அதனைக் கேட்டதையும் அது கூறுகின்றது. அப்புராணம் எந்நூலாயினும் ஆகுக; ஆணை பிறப்பிக்கும் சோழ வேந்தனே, சூள் பிறழ்ந்தவர் வரலாற்றைச் சூளுரைத்த மரத்தடியிலேயே இருந்து கேட்டனன் என்பது எண்ணத்தக்கது. இக்காலத்தும் மாசித் திருவிழாவில் மகிழடிச் சேவை நடைபெறுகின்றது.

5. இருவகை முறையீடு

தென்றல் வீசும் பருவம் வந்தது. ஆரூர் நினைவு மீதூர, சுந்தரர் ஒற்றியூர் எல்லையைக் கடந்தனர். கடந்த அளவிலே இரு கண்ணும் ஒளியிழந்தன. வெண்பாக்கத்தில் ஊன்றுகோலும், காஞ்சியில் இடக்கண்ணும், ஆரூரில் வலக்கண்ணும் பெற்றனர். பழைய வெண்பாக்கம் பின்னர் 1944இல் நிறைவுற்ற பூண்டி நீர்த்தேக்கத்துள் அடங்கிற்று.

இவ்வழியில் சுந்தரர் பாடிய பதிகங்களை முறையீடுகளாகக் கொண்டு ஒப்பிடின் ஒரு மாறுபாடு புலனாகும். வெண்பாக்கப் பதிகத்தில், பிழை செய்யினும் பொறுப்பர் என்று கருதிப் பிழைத்ததாக அவரே ஒப்புக்கொள்கின்றனர். அஃது அருளை முன்னதாகவே கணக்கிட்டுக் குற்றம் புரிந்தமையை ஒப்புதலாம். ஆரூர்ப் பதிகத்திலோ குற்றம் ஒன்றும் செய்திலேன் என மறுக்கின்றனர். அங்கேயே தாம் விற்றுக்கொள்ளத்தக்க அடிமை, ஒற்றிப் பொருள் அல்லேன் எனவும் கூறுகின்றனர்.

ஒற்றியூரில் தண்டம் பெற்றவர் ஒற்றி அல்லேன் என்பது வெறுஞ்சொல் விளையாட்டன்று. ஒற்றிப் பொருள் ஒரு கடனுக்கு மட்டும் ஈடானது; அக்கடன் தீரின் மீளும். விலைப் பொருளோ முற்றும் உரிமையுடையாரைச் சேர்ந்தது. வெண்ணெய்நல்லூர் ஆவணத்தால் தாம் மீளா அடிமையாயினமையின், இடையில் எழுந்த சூளுறவுக் கடன் ஒன்றனைக் கொண்டு தம்மை அளத்தல் தகாது என்பது அவர் வாதம் எனக் கொள்ளலாம். முதல் வழக்கில் தமக்கு எதிராக நின்ற ஓலையையே இரண்டாம் வழக்கில் தமக்குத் துணையாகக் காட்டுகின்றார். உரிமையுடையார் தம் உடைமையைக் குருடாக்குதல் அவர்க்கே இழப்பன்றோ என்னும் குறிப்பும் அதனுள் அடங்கும்.

இங்ஙனம் நோக்கின், ஒப்புதலும் மறுப்பும் தம்முள் முரண்படா. சூளுறவு என்னும் வழக்கில் அவர் குற்றமுடையவர். அடிமைத்திறம் என்னும் உறவில் குற்றமற்றவர். முன்னது பரிமேலழகர் கூறும் வழக்கும் தண்டமும் ஆகும். பின்னது உயிர்க்கு உறுதி பயப்பது.

6. முறைக்குப் பின் அருள்

திருநகரச் சிறப்பில் சேக்கிழார் கூறும் மனுவேந்தன் வரலாறும் இவ்வொழுங்கிலேயே அமைந்துள்ளது. கன்றைக் கொன்ற மகனுக்குக் கழுவாய் விதித்தல் அமையும் என அமைச்சர் கூறினர். பிறன் ஒருவன் உயிர் கொன்றால் கொல்லும் தண்டம் விதிக்கும் தான், தன் மகனுக்கு மட்டும் கழுவாய் தேடின், பழைய முறையைத் தொலைத்தவன் ஆவேன் என வேந்தன் மறுத்தான். தேர் உருண்ட பின்னரே இறைவர் தோன்றிக் கன்றையும் மகனையும் அமைச்சனையும் எழுப்பினர்.

மூன்று வரலாறுகளிலும் ஒரே நெறி காணப்படுகின்றது. தீர்ப்புக்குப் பின் காட்சி. தண்டத்திற்குப் பின் உயிர். இருளுக்குப் பின் ஒளி. அருள் சட்டத்தைத் தடுத்து நிறுத்தவில்லை; சட்டம் தன் வேலையை முடித்த இடத்தில், அதனால் செய்யவியலாததைச் செய்கின்றது.

இதனைச் சீனநாட்டுச் சட்டநெறியாளர் கொள்கையோடு ஒப்பிடலாம். கி.மு. 338இல் மாண்ட சாங் யாங்கும், கி.மு. 233இல் மாண்ட ஆன் பெய்யும் பரிசும் தண்டமுமே ஆட்சிக்குப் போதும் என்றனர்; வேந்தன் அன்பும் சான்றோர் ஒழுக்கமும் நம்பத்தக்கன அல்ல என்றனர். சாங் யாங் தன் பகைவர்க்கு அஞ்சி ஓடியபோது, அடையாளச் சீட்டின்றி வந்தாரைத் தங்க வைத்தல் சாங் யாங் சட்டப்படி குற்றம் எனக் கூறி விடுதிக்காரன் அவனுக்கே இடமளிக்க மறுத்தான் என்று சீன வரலாற்றாசிரியர் சூமா சியென் எழுதினர். சாங் யாங்கும் சுந்தரரும் தாம் வகுத்த வடிவத்திலேயே அகப்பட்டனர். ஆனால் சாங் யாங்குக்கு அச்சட்டத்தின் அப்பால் ஒன்றுமில்லை. சுந்தரர்க்கு ஊன்றுகோல் உண்டு. சட்டம் வேண்டும் என்பதில் சேக்கிழாரும் சட்டநெறியாளரும் ஒன்றுபடுவர்; சட்டமே போதும் என்பதில் வேறுபடுவர்.

7. மூன்றாமவர்

இக்கொள்கைக்கும் ஓர் இடர்ப்பாடு உண்டு. அதனை மறைத்தல் ஆராய்ச்சியாகாது. ஒற்றியூரை நீங்கேன் என்னும் சூள், ஆரூரில் உள்ள பரவையாரைச் சேரேன் என்பதனோடு ஒக்கும். ஒருவர்க்கு அரணான சொல் மற்றொருவர்க்கு இழப்பாயிற்று. அவர் கேட்கப்படவில்லை, அவையில் நிற்கவுமில்லை.

பிற்காலச் சட்டம் இவ்விடர்ப்பாட்டைக் கண்டது. 1873ஆம் ஆண்டின் இந்தியச் சத்தியப் பிரமாணச் சட்டத்தில், ஒரு கட்சிக்காரர் தம் எதிரி குறிப்பிட்ட முறையில் சத்தியம் செய்யின் அதற்குக் கட்டுப்படுவதாகக் கூறலாம் என்றும், அவ்வாறு செய்யப்பட்ட சத்தியம் முடிவான சான்றாகும் என்றும் விதிகள் இருந்தன. கோயிலிற் சத்தியம் செய்யும் பழைய தமிழ் வழக்கு இவ்வாறு ஆங்கில நீதிமன்றத்துள்ளும் இடம் பெற்றது. ஆனால் அச்சத்தியம் நீதிக்கும் நாகரிகத்திற்கும் முரண்படாததாகவும், மூன்றாமவர் ஒருவரைத் தாக்காததாகவும் இருத்தல் வேண்டும் என்பது 8ஆம் பிரிவின் வரையறை. இவ்வளவுகோலால் அளப்பின், மகிழடிச் சூளுறவு பரவையார் பொருட்டே தள்ளத்தக்கதாகும். 1969ஆம் ஆண்டின் புதிய சட்டம் இம்முடிவுச்சான்று விதிகளையே நீக்கிற்று.

சேக்கிழார் இதனை உணராதவர் அல்லர். ஊடிய பரவையாரிடம் இறைவர் ஆணையிடவில்லை; ஓலை காட்டவில்லை; தாமே தூதராகி இருமுறை நடந்தனர். ஓலை கொண்டு ஆட்கொண்டவர், இங்கு வெறுங்கையோடு வாயிலில் நின்றனர். வழக்கில் அழைக்கப்படாதவர்க்குச் சட்டம் கூறத்தக்கது ஒன்றுமில்லை, இரத்தலே உண்டு.

சங்கிலியார் நிலையும் எண்ணத்தக்கது. தண்டம் சுந்தரர் கண்ணைப் பறித்தது. கணவரைச் சங்கிலியார்க்கு மீட்டுத் தரவில்லை. ஆரூரில் வலக்கண் ஒளி பெற்ற நாளில், ஒற்றியூர்க் கன்னிமாடத்தில் என்ன நிகழ்ந்தது என்பதைக் காப்பியம் விரித்துரைக்கவில்லை. சூள் பிறழ்ந்தவன் ஒறுக்கப்பட்டான் என்ற அளவில் முறை நிறைவுறுகின்றது. சூளை நம்பியவர் துயர் அதன் எல்லைக்கு வெளியே நின்றுவிடுகின்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பெரியபுராணம் சட்டத்தைப் புறக்கணிக்கும் நூலும் அன்று, விதியையே தெய்வமாக்கும் நூலும் அன்று என்பது போதரும். ஏட்டு வரியில் எழுந்த விலக்கு, அருளும் எழுத்தின் வழிச் செல்லுதலைக் காட்டிற்று. மகிழடிச் சூளுறவு, வடிவத்தைக் கொண்டு பொருளை ஒழிக்கும் உபாயத்தைத் தெய்வமும் தாங்காது என்பதைக் காட்டிற்று. பரவையார் வாயிலும் சங்கிலியார் மாடமும் சட்டத்தின் எல்லையைக் காட்டின. வழக்கும் தண்டமும் உலகநெறி நிறுத்துவன, உயிர்க்குறுதி தருவன அல்ல எனப் பரிமேலழகர் வகுத்த கோட்டை, அவர்க்கு முன்னரே சேக்கிழார் ஒற்றியூரில் வரைந்து காட்டினர்.

டோல்கேட்டில் சுங்க வாயில் மறைந்தும் பெயர் மறையவில்லை. முறையும் அத்தகையதே. அதனை வாங்கும் கை மாறும்; வரி தவிர்ப்பாரும் தோன்றுவர். எனினும், நெறி கடந்து செல்வான் எவனும் எல்லையில் ஒருமுறை நின்று விடைகூற வேண்டும் என்னும் நினைவு அவ்வழியில் நிலைத்திருக்கும். சுந்தரர் நின்ற எல்லையும் அதுவேயாம்.